லைசென்ஸ் ஃபைலும் ஒரு வாத்தியாரின் புத்தகமும்



போன சனிக்கிழமை நளன் குளத்தருகே பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். பெங்களூரில் வேலையாம். "யூனிக்ஸ் சர்வர்ல லைசென்ஸ் ஃபைல் போடுறேன் சார்" என்றான். விளக்கச் சொல்லிக் கேட்டேன். அப்புறம் அதன் வரலாற்றைத் தேடிப் படித்தால், நடுவில் ஒரு வாத்தியார் நிற்கிறார்! அதனால்தான் இந்தப் பதிவு.

லைசென்ஸ் ஃபைல் என்பது சில வரிகள் கொண்ட எழுத்துக் கோப்பு. நம் பள்ளி டி.சி. மாதிரி. சர்வரின் பெயர், அந்த இயந்திரத்துக்கே உரிய அடையாள எண், எந்த மென்பொருள், ஒரே நேரத்தில் எத்தனை பேர், எந்தத் தேதி வரை என்பதெல்லாம் இருக்கும். கடைசியில் நீளமாக ஒரு குறியீடு. அதுதான் ஹெட்மாஸ்டர் கையெழுத்து. தேதியில் ஓர் இலக்கத்தைத் திருத்தினாலும் குறியீடு ஒத்துப்போகாது. வேறு சர்வரில் வைத்தால் அடையாள எண் காட்டிக்கொடுத்துவிடும். பத்துப் பேருக்கு வாங்கியிருந்தால், பதினோராவது ஆள் யாராவது மூடும்வரை காத்திருக்க வேண்டியதுதான். இதைக் கண்காணிக்கும் ஃப்ளெக்ஸ்எல்எம் என்ற நிரல் 1988 வாக்கில் வந்தது.

ஆதியில் இப்படி இல்லை. ஐ.பி.எம். கணினி வாங்கினால் மென்பொருளும் கூடவே வரும். தனி விலை வைக்கப்போவதாக அவர்கள் அறிவித்தது 1969-இல். அதே ஆண்டில்தான் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். அதன் தாய் நிறுவனமான ஏடி அண்ட் டி தொலைபேசிக் கம்பெனி. 1956-இல் ஏற்பட்ட சட்ட உடன்பாட்டால் வேறு வியாபாரத்தில் இறங்க முடியாது. ஆகவே பல்கலைக்கழகங்களுக்கு மூல நிரலோடு சொற்பக் கட்டணத்தில் கொடுத்தார்கள்.

இங்கேதான் நம் வாத்தியார் வருகிறார். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்பவர், யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மூல நிரலை அச்சிட்டு, அதற்கு உரையும் எழுதி 1970-களின் நடுவில் மாணவர்களுக்குக் கொடுத்தார். நம் பரிமேலழகர் செய்த வேலைதான்! 1979-இல் ஏழாம் பதிப்பு வந்தபோது, அதன் மூல நிரலை வகுப்பில் பாடமாக நடத்தக்கூடாது என்று உரிமத்தில் எழுதிவிட்டார்கள். நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்றவர்களுக்குத்தான் அந்த வரியின் கொடுமை புரியும். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? லயன்ஸ் புத்தகத்தை ஜெராக்ஸுக்கு மேல் ஜெராக்ஸ் எடுத்துப் படித்தார்கள். அனுமதியோடு அது அச்சேறியது 1996-இல். இரண்டே ஆண்டில் லயன்ஸ் காலமானார்.

ஆம்ஸ்டர்டாமில் இன்னொரு வாத்தியார், ஆண்ட்ரூ டானென்பாம். நடத்தக்கூடாது என்றால் நானே ஒன்று எழுதிக்கொள்கிறேன் என்று 1987-இல் மினிக்ஸை வெளியிட்டார். அதை வைத்துக் கற்ற ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸைத் தொடங்கினார். இதற்கு அடையாள எண்ணும் வேண்டாம், தேதியும் வேண்டாம். ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய உரிமம், படி, திருத்து, பிறருக்கும் கொடு என்கிறது.

கேரளப் பள்ளிகள் 2000-களில் லினக்ஸுக்கு மாறின. நம் பக்கத்தில் சென்னை சி-டாக் 2007-இல் 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டது. 2018-இல் வந்த தமிழ்நாட்டுப் பிளஸ் ஒன் புத்தகத்தில் ஓப்பன் ஆபீஸ் பாடமாகவே இடம்பெற்றது. காரைக்காலில் அந்தப் புத்தகத்தைப் படித்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், ஆய்வகத்தில் எதில் பழகினீர்கள் என்று கீழே எழுதுங்கள்.