மூச்சை முதுகில் சுமந்து: ஸ்கூபா பிறந்த கதை

கடலுக்குள் இறங்குவது மனிதனுக்குப் புதிய விஷயமே அல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பவர்கள் கல் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு அடியாழத்துக்குப் போனார்கள். கிரேக்கத் தீவுகளில் கடற்பஞ்சு எடுக்க இறங்கினார்கள். ஜப்பானில் 'அமா' எனப்படும் பெண்கள் சிப்பிகளுக்காக மூழ்கினார்கள். எல்லாமே வயிற்றுப்பாட்டுக்காக! மூச்சடக்கக் கூடிய ஓரிரு நிமிடத்துக்குள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட வேண்டும். சுற்றிலும் வேடிக்கை பார்க்க அவர்களுக்கு ஏது நேரம்?

இன்றோ, கையிலிருந்து காசு கொடுத்து, எதையும் எடுத்து வராமல், வெறுமனே பார்த்துவிட்டு வருவதற்காக லட்சக்கணக்கானோர் கடலுக்குள் இறங்குகிறார்கள். இந்த மாற்றம் எப்படி வந்தது? அதற்கு இரண்டாம் உலகப்போர்க் கால பிரான்சுக்குப் போக வேண்டும்.

ஜாக் கூஸ்தோ (1910-1997) பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. அவர் ஆசைப்பட்டதென்னவோ விமானியாக வேண்டும் என்றுதான். ஒரு கார் விபத்தில் கைகள் நொறுங்கியதால் அந்தக் கனவு கலைந்தது. கைகளுக்கு வலு வர நீந்தத் தொடங்கினார். 1936-ல் தூலோன் நகருக்கு அருகே நண்பர் பிலிப் தாய்யே கொடுத்த நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் முகத்தை வைத்தார். அவ்வளவுதான், வானத்தை விட்டுவிட்டுக் கடலைப் பிடித்துக்கொண்டார்!

ஆனால் பார்ப்பதற்கு ஆசை இருந்தால் போதுமா, மூச்சு வேண்டாமா? நீண்ட குழாயை வாயில் வைத்துக்கொண்டு ஆழத்தில் சுவாசித்தால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். முடியாது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே நீரின் அழுத்தம் மார்பை நெருக்குவதால் மேலேயுள்ள காற்றை உள்ளே இழுப்பது மிகவும் கடினமாகிவிடும். சுற்றியுள்ள நீரின் அழுத்தம் எவ்வளவோ, அதே அழுத்தத்தில் காற்று வர வேண்டும். 1926-ல் இவ் லெ ப்ரியோர் காற்றுச் சிலிண்டரைச் சுமந்து இறங்கும் கருவியைச் செய்திருந்தார். ஆனால் அதில் காற்று இடைவிடாமல் வெளியேறிக்கொண்டே இருந்ததால் சீக்கிரம் தீர்ந்துபோனது. கூஸ்தோ சுத்தமான ஆக்சிஜனையும் முயன்று பார்த்தார். ஆழத்தில் அது நஞ்சாக மாறி அவருக்கு வலிப்பு வந்தது. உயிர் பிழைத்ததே பெரிய காரியம்.

விடை கிடைத்த இடம்தான் வேடிக்கை. ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் பிரான்சில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. கார்களை எரிவாயுவில் ஓட்ட வேண்டிய நிலை. எஞ்சினுக்குத் தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் வாயுவை விடும் ஒரு வால்வை ஏர் லிக்விட் நிறுவனப் பொறியாளர் எமில் கான்யான் உருவாக்கியிருந்தார். கூஸ்தோவின் மாமனார் அதே நிறுவனத்தில் இயக்குநர். 1942 டிசம்பரில் பாரிஸில் இருவரும் சந்தித்தார்கள். எஞ்சினுக்குப் பொருந்துவது நுரையீரலுக்கும் பொருந்தாதா என்ன?

முதல் சோதனை பாரிஸுக்கு அருகே மார்ன் ஆற்றில் நடந்தது. படுத்த நிலையில் நீந்தினால் காற்று சீராக வந்தது. நிமிர்ந்தால் வீணாகக் கொட்டியது, தலைகீழானால் நின்றே போனது! மூச்சு வெளியேறும் வழியும் காற்று உள்ளே வரும் வால்வும் வெவ்வேறு உயரத்தில் இருந்ததுதான் காரணம். இரண்டையும் அருகருகே வைத்ததும் சரியாகிவிட்டது. 1943 ஜூனில் மத்தியதரைக் கடலில் கூஸ்தோ அந்தக் கருவியுடன் இறங்கி, குட்டிக்கரணம் அடித்து, தலைகீழாக நின்று பார்த்தார். காற்று நிற்கவில்லை. அதுதான் 'அக்வாலங்'.

மனிதனை ஈர்ப்பது எது என்பது இங்கே தெளிவாகிறது. அதுவரை கனமான செம்புத் தொப்பியும் ஈயக் காலணியும் அணிந்தவர்கள், மேலிருந்து வரும் காற்றுக் குழாயோடு பிணைக்கப்பட்டுக் கடல்தரையில் நடந்தார்கள். இப்போது முதல்முறையாக மனிதன் மீனைப் போல எடையற்று, எந்தப் பக்கமும் திரும்பி, நிதானமாகப் பார்க்க முடிந்தது. விமானியாக முடியாதவருக்குப் பறக்கும் அனுபவம் தண்ணீருக்குள் கிடைத்தது!

ஆனால் ஈர்ப்புக்கு ஒரு விலை இருந்தது. ஆழத்தில் நைட்ரஜன் மூளையை மயக்கி, குடித்தவனைப் போல ஆக்கிவிடும். 1947-ல் கூஸ்தோவின் குழுவைச் சேர்ந்த மோரிஸ் ஃபார்க் சுமார் 120 மீட்டர் ஆழத்தில் இருந்த பலகையில் கையெழுத்திட்டார். உயிரோடு திரும்பவில்லை.

கடலும் விலை கொடுத்தது. கூஸ்தோவும் லூயி மாலும் இயக்கிய 'மௌன உலகம்' படம் 1956-ல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்றது. உலகமே கடலின் அழகில் சொக்கிப்போனது. ஆனால் அதே படத்தில் பவளப்பாறையில் வெடி வைத்து மீன்களைக் கொன்று எண்ணுகிறார்கள், சுறாக்களைக் குத்திக் கொல்கிறார்கள். இன்று பார்த்தால் மனம் பதறும். கடலை நேசித்தவர்களே அதைச் செய்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

பார்க்கப் பார்க்கத்தான் அவர்களுக்குப் புரிந்தது. 1960-ல் மத்தியதரைக் கடலில் அணுக்கழிவைக் கொட்டும் திட்டத்தைக் கூஸ்தோ எதிர்த்தார். அண்டார்டிகாவில் சுரங்கம் தோண்டக் கூடாது என்று பிரசாரம் செய்தார். அதைத் தடைசெய்யும் மாட்ரிட் ஒப்பந்தம் 1991-ல் கையெழுத்தானது.

இன்று ஸ்கூபா கற்பவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் பாடங்களில் ஒன்று: எதையும் தொடாதே, எதையும் எடுக்காதே. முத்துக்காகவும் பஞ்சுக்காகவும் இறங்கிய மனிதன் வெறுங்கையோடு திரும்பக் கற்றுக்கொண்டிருக்கிறான். அக்வாலங் அவனுக்குக் கொடுத்தது நேரம். அந்த நேரத்தில் பார்த்ததைக் காப்பாற்றுவது இனி நம் கையில்தான் இருக்கிறது நண்பர்களே!