புழுவும் புற்றுநோயும்: ஓர் அறிவியல் வரலாற்றுக் குறிப்பு

1993ஆம் ஆண்டில் விக்டர் அம்புறோஸ், கரி றுவ்குன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்களின் பணியால் முதலாவது மைக்ரோ ஆர்.என்.ஏ. சிறியதோர் உருளைப்புழுவில் வெளிப்பட்டபோது, அஃது அப்புழுவுக்கே உரிய விநோதமெனக் கருதப்பட்டது. 2000ஆம் ஆண்டில் இரண்டாவது மூலக்கூறு மனிதர் உட்படப் பல உயிரினங்களிலும் காணப்பட்ட பின்னரே அதன் பொதுமை தெளிவாயிற்று. இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது.

இம்மூலக்கூறுகள் கலத்தினுள் புரத உற்பத்தியைக் கட்டுப்படுத்துவன. இவற்றுள் 200ஆம் எண் குடும்பம், கலங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஈ-கட்ஹெரின் என்னும் புரதத்தை மறைமுகமாகப் பேணுகின்றது. அக்குடும்பம் குன்றுமிடத்துப் பிணைப்புத் தளர்ந்து, இரைப்பைப் புற்றுக்கலங்கள் பிற உறுப்புகளுக்குப் பரவ வழியேற்படுகின்றது.

உடலினுள் நோய் பரவும் விதம் இவ்வாறு புலனாகின்றது. ஆயின், அது யாரைப் பற்றுகின்றது? இந்நோயின் பிரதான காரணியாகிய ஹெலிக்கோபக்டர் பைலோரி என்னும் பற்றீரியா, நெருக்கமும் வறுமையும் மிக்க இல்லங்களில் குழந்தைப் பருவத்திலேயே பெரிதும் தொற்றுகின்றது. கைத்தொழில் வளர்ச்சியுற்ற நாடுகள் பலவற்றில் இந்நோய், மைக்ரோ ஆர்.என்.ஏ. அறியப்படுவதற்குப் பல தசாப்தங்களுக்கு முன்னரே குறையத் தொடங்கியது. வாழிட மேம்பாடும், குளிரூட்டிகளின் வரவால் உப்பிட்ட உணவு குறைந்தமையும் அதற்கான காரணங்களுட் சில.

நோய் பரவும் பொறிமுறையை மூலக்கூறு உரைக்கும். நோயாளரின் வர்க்கத்தைச் சமுதாய வரலாறே உரைக்கும். ஒன்றை விடுத்து மற்றொன்றைக் கொள்வது அறிவியலாகாது.