ஆங்கில இடைச்சொற்கள்

பெயரையும் வினையையும் தொடர்களையும் ஒன்றோடொன்று பிணைக்கும் 'ஆஃப்', 'வித்', 'பட்', 'வைல்' முதலிய குறுஞ்சொற்களை, பெயருக்கு முன் நிற்கும் முன்னிடைச் சொற்கள் என்றும் வாக்கியங்களை இணைக்கும் இணைப்புச் சொற்கள் என்றும் ஆங்கில இலக்கணிகள் இருவகையாகப் பகுத்திருப்பினும், அவற்றுட் பலவற்றின் சரித்திரம் ஒரே தன்மையது: தனிப்பொருள் உடையனவாய்ப் பிறந்த சொற்கள், காலப்போக்கில் அப்பொருள் தேய்ந்து, உறவை மட்டும் உணர்த்துவனவாக மாறின. தமிழில் வேற்றுமை உருபு பெயரின் பின்னே ஒட்டி நின்று செய்யும் காரியத்தை, முன்னிடைச் சொற்கள் பெயரின் முன்னே தனித்து நின்று செய்கின்றன.

ஆதியில் இவற்றின் சுமை இவ்வளவு கனமாக இருக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் பெயர்கள் வேற்றுமைக்கேற்ப ஈறு திரிந்தன. 'அரசனது', 'அரசனுக்கு' என்னும் பொருள்களைச் சொல்லின் இறுதியே காட்டிற்று. முன்னிடைச் சொற்கள் அந்த ஈறுகளுக்குத் துணையாகவே வழங்கின. பின்னர், இங்கிலாந்தின் வடகிழக்கில் குடியேறிய டேனியரின் மொழியோடு கலந்தமையாலும், அழுத்தமற்ற ஈற்றுயிர்கள் நாவில் மங்கித் தம்முள் வேறுபாடிழந்தமையாலும், அவ்வீறுகள் பெரும்பாலும் அழிந்தொழிய, அவை சுமந்த பாரமெல்லாம் இச்சிறுசொற்களின் தலைமேல் ஏறிற்று. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சு மொழியின் செல்வாக்கும் சேர்ந்துகொள்ள, 'ஆஃப்' என்னும் சொல் உடைமைப் பொருளில் வெகுவாகப் பரவியது. விலகுதலைக் குறிக்கும் மற்றோர் 'ஆஃப்' முற்காலத்தில் இதனின் வேறன்று. அழுத்தி உச்சரித்த வடிவமும் அழுத்தாத வடிவமும் 17-ஆம் நூற்றாண்டளவில் எழுத்திலும் பொருளிலும் இரு சொற்களாக நிலைபெற்றன.

'வித்' என்பதன் கதை இவை எல்லாவற்றினும் விசித்திரமானது. இன்று உடனிகழ்ச்சியைக் குறிக்கும் இச்சொல்லின் பழைய பொருள் 'எதிராக' என்பதே. எதிர்த்து நிற்றலைக் குறிக்கும் 'வித்ஸ்டாண்ட்' என்ற வினையில் அப்பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. உடனிகழ்ச்சிக்கு அக்காலத்தில் வழங்கியது 'மிட்' என்ற வேறொரு சொல். அதனை 'வித்' மெல்ல மெல்ல வழக்கினின்று அகற்றிவிட்டபோதிலும், பிரசவ வேளையில் தாயின் உடனிருக்கும் மருத்துவச்சியைக் குறிக்கும் 'மிட்வைஃப்' என்ற பெயரில் மட்டும் அது தங்கியிருக்கிறது. எதிரியோடு பொருதான் என்று நாம் 'ஓடு' உருபை வைத்துச் சொல்லுமிடத்தில், உடனிருப்பும் எதிர்ப்பும் எவ்வளவு அணுக்கமானவை என்பதைத் தமிழ் வாசகர் எளிதில் உணரலாம்.

'பட்' என்பது 'வெளியே' என்று பொருள்பட்ட சொல்லிலிருந்து வந்தது. ஈரறைக் குடிசையின் வெளியறையை ஸ்காட்லாந்தினர் இப்பெயராலேயே வழங்கினர். 'வைல்' என்பது பொழுதைக் குறித்த பெயர். நம் 'வந்தபொழுது' என்ற தொடரிலும் காலப்பெயர் இவ்வாறே இணைப்பாகப் பயன்படுகிறது. 'பிக்காஸ்' காரணம் என்னும் பிரெஞ்சுச் சொல்லைக் கொண்டு அமைந்தது.

இச்சொற்களை ஆராய்ந்தவருள் ஆங்கில அரசியலாளர் ஜான் ஹார்ன் டூக் தனித்து நிற்கிறார். 1775-இல் அமெரிக்காவின் லெக்சிங்டன், கான்கார்டு ஆகிய இடங்களில் பிரிட்டிஷ் அரசுப் படையால் மாண்டோரின் குடும்பங்களுக்கு நிதி திரட்டி அவர் வெளியிட்ட அறிக்கை அவதூறெனத் தீர்க்கப்பட்டு, ஓராண்டுச் சிறையும் 200 பவுன் அபராதமும் அவருக்கு விதிக்கப்பட்டன. வழக்கின் சட்ட விவாதம் இரண்டு முன்னிடைச் சொற்களையும் ஓர் இணைப்புச் சொல்லையும் பற்றிச் சுழன்றமையால், அச்சொற்களின் இயல்பை விளக்க 1778-இல் ஒரு கடிதநூலும், 1786-இல் அதனினும் விரிந்த நூலொன்றும் வெளியிட்டார். அவர் கூறிய சொற்பிறப்புகள் பல பிழையாயினும், இடைச்சொற்கள் பெயரினின்றும் வினையினின்றும் தோன்றின என்ற அவரது அடிப்படைக் கருத்து பல சொற்களுக்குப் பொருந்துவதேயாம்.

முன்னிடைச் சொல்லால் வாக்கியத்தை முடிக்கலாகாது என்ற விதி வேறொரு வழியில் வந்தது. 1672-இல் கவிஞர் ஜான் டிரைடன், நாடகாசிரியர் பென் ஜான்சனின் எழுத்தில் அவ்வாறு முடிக்கும் வழக்கைக் குற்றமாகக் காட்டியதோடமையாது, தம் பழைய கட்டுரையொன்றின் 1684-ஆம் ஆண்டுப் பதிப்பிலும் அத்தகைய முடிவுகளைத் திருத்தினார். 1762-இல் இலக்கணம் வகுத்த ராபர்ட் லௌத், அவ்வழக்கு மொழிக்கு இயல்பானது என ஒப்புக்கொண்டு, அதனைக் கூறிய வாக்கியத்தையே முன்னிடைச் சொல்லால் முடித்தார். எனினும் கம்பீரமான நடைக்கு அது ஏலாதென்றார். 1926-இல் அகராதி ஆசிரியர் எச். டபிள்யூ. ஃபௌலர் அவ்விதியை ஒரு மூடநம்பிக்கை என்றே எழுதினார். அதன் பின்னும் அது பள்ளிகளில் நெடுங்காலம் போதிக்கப்பட்டு வந்தது.