ஒரு கேள்வியின் கடல்வழி

இரண்டு வாசகர்கள் சந்தித்துக்கொண்டால் உடம்பு, மழை, பிள்ளைகளின் படிப்பு என்று சுற்றிவிட்டு, காபி ஆறுவதற்குள் அந்தக் கேள்விக்கு வந்துவிடுவார்கள்: “இப்ப என்ன படிச்சிட்டிருக்கீங்க?” பதில் வந்த கையோடு அடுத்தது: “நல்லாருக்கா? முடிச்சதும் எனக்குக் குடுங்க.” கேட்டுக் கேட்டுப் பழகிப்போனதால் இதற்கென்று ஒரு வரலாறு இருக்கும் என்று நமக்குத் தோன்றுவதில்லை. இருக்கிறது. அதுவும் கீழக்கரை முதல் தனுஷ்கோடி வரையிலான சேதுக்கரையைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் போகிற வரலாறு.

இந்தக் கேள்விக்குக் கிடைத்த பழைய பதில்களில் மிக நீளமான ஒன்று ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கான்ஸ்டான்டிநோபிளில் போட்டியஸ் என்றொரு அறிஞர் இருந்தார்; அந்நகரின் தலைமைப் பேராயராகவும் இருந்தவர். தராசியஸ் என்ற தம் சகோதரர் கேட்டுக்கொண்டதற்காக, தாம் படித்த நூல்களைப் பற்றி ஒவ்வொன்றாகக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். மொத்தம் 279 குறிப்புகள். அவர் படித்தவற்றில் ஏறக்குறையப் பாதி இன்று உலகில் எங்கும் இல்லை. கிறிஸ்துவுக்கு முன் பாரசீக அரண்மனையில் வைத்தியம் பார்த்த கிரேக்கர் டீசியஸ், இந்தியாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்த நூலும் தொலைந்துவிட்டது. அதில் என்ன இருந்தது என்று இன்று நமக்குத் தெரிவது பெரும்பாலும் போட்டியஸ் தம் சகோதரருக்குச் சுருக்கிச் சொன்னதால்தான்.

நம்மிடமும் அப்படி ஒருவர் இருந்தார். பேர் தெரியாது. சுமார் பதினைந்தாம் நூற்றாண்டு. படித்த நூல்களில் மனத்துக்குப் பிடித்த பாட்டையெல்லாம் எடுத்து, அறம், பொருள் என்று வகைப்படுத்தி ஓலையில் தொகுத்து வைத்தார். அதுதான் ‘புறத்திரட்டு’. மூவேந்தர்மேல் பாடப்பட்ட முத்தொள்ளாயிரம் முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. இன்று கையில் இருக்கிற நூற்றுச் சொச்சம் வெண்பாக்களில் பெரும்பாலானவை இந்தத் தொகுப்பின் தயவால் பிழைத்தவை. நோட்டுப் புத்தகத்தில் பிடித்த வரிகளை எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்த மனிதரை நன்றியோடு நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஓலையிலிருந்து அச்சுக்குப் போகும் வழியில் அடுத்த ஊர் வேதாளை. மண்டபத்துக்குப் பக்கத்தில், ராமேஸ்வரம் ரயிலிலும் பஸ்ஸிலும் போகிறவர்கள் பார்க்காமலே கடந்துவிடும் கடலோர ஊர். 1549இல் போர்ச்சுக்கீசியர் அங்கே ஒரு சிறு கோட்டை வைத்திருந்தார்கள். ராமேஸ்வரம் போகும் யாத்திரிகர்களிடம் கோட்டைத் தலைவன் வரி கேட்கப்போய்ச் சண்டை மூண்டது. அதில் அந்தோனியோ கிரிமினாலி என்ற சேசு சபைப் பாதிரியார் உயிரிழந்தார். அவருக்குப் பதிலாக முத்துக்குளித்துறைக்குத் தலைவரானவர், நம்மவர்கள் அண்டிரிக் அடிகளார் என்று அழைத்த ஹென்றிக் ஹென்றிக்கஸ். தமிழை இலக்கணத்தோடு கற்றவர். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சாகி வந்தது, பதினாறே பக்கம். தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அது. 1586இல் அறுநூறு பக்கத்துக்கு மேல் புனிதர்களின் கதைகளைச் சொல்லும் ‘அடியார் வரலாறு’ வந்தது. இந்த அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் முத்துக்குளிக்கும் பரதவர்கள். கடலடியில் மூச்சடக்கிச் சம்பாதித்த காசு புத்தகமாயிற்று என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் சிலிர்ப்பைத் தருகிற செய்தி. ஒரே நூலின் ஒரே பக்கத்தை ஒரே நாளில் இரண்டு துறைமுகங்களில் இரண்டு பேர் படிக்கலாம் என்பது அன்றுதான் தமிழில் சாத்தியமாயிற்று.

ஆனால் அச்சு வந்தவுடன் ஓலை ஓய்ந்துவிடவில்லை. அடுத்த நூற்றாண்டில் கீழக்கரையில் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர் என்ற பெருவணிகர் இருந்தார்; இராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் நண்பர். ‘செத்தும் கொடுத்த சீதக்காதி’ என்று நாம் சொல்வது இவரைத்தான். நபிகளின் வாழ்க்கையைத் தமிழ்க் காப்பியமாகப் பாடும்படி எட்டயபுரத்து உமறுப் புலவரைத் தூண்டியவர் இவர். ஐயாயிரத்துச் சொச்சம் விருத்தங்களில் ‘சீறாப்புராணம்’ பிறந்தது. அது அரங்கேறும் முன்பே சீதக்காதி காலமாகிவிட, பரங்கிப்பேட்டை வள்ளல் அபுல் காசிம் மரைக்காயர் மிச்சப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். 1842இல்தான் அது அச்சேறியது. அதுவரையும், அதன் பிறகு வெகுகாலமும், சீறா என்பது ஒருவர் ராகத்தோடு பாட ஊர் கூடிக் கேட்ட நூல். அந்தக் காலத்தில் “என்ன படிக்கிறீர்கள்” என்று கேட்பதைவிட “எந்தப் படலம் நடக்கிறது” என்று கேட்பதுதான் பொருத்தமாக இருந்திருக்கும். தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் நூல்களும் இதே கரையில் செழித்தன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) எழுதியவை கடல் தாண்டி இலங்கையிலும் ஓதப்பட்டன.

இந்தக் கேள்வி தமிழில் செய்த மிகப் பெரிய காரியம் 1880 அக்டோபர் 21 அன்று கும்பகோணத்தில் நடந்தது. கல்லூரித் தமிழாசிரியர் உ. வே. சாமிநாதையர், ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னவெல்லாம் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயர் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் தலபுராணங்களையும் அடுக்கினார். முதலியார் அசையவில்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய சிந்தாமணியும் மணிமேகலையும் படித்ததுண்டா என்று திருப்பிக் கேட்டார். ஐயர் படித்ததில்லை. ஏடே கண்ணில் பட்டதில்லை. அந்தக் கேள்விதான் அவரை ஊர் ஊராக ஏடு தேடி அலையவைத்தது. 1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. மணிமேகலை 1898இல் வந்தபோது அதற்குக் கைகொடுத்தவர்களில் ஒருவர் இராமநாதபுரத்துப் பாண்டித்துரைத் தேவர்.

அந்தப் பாண்டித்துரையார் பேச்சுக்காக ஒருமுறை மதுரைக்கு வந்தபோது பார்ப்பதற்குக் குறளும் கம்பராமாயணமும் கேட்டாராம். ஊரெல்லாம் தேடியும் கிடைக்கவில்லையாம். தமிழ் வளர்த்த மதுரையிலேயே இந்த நிலையா என்ற வருத்தம் அவரை 1901 செப்டம்பரில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவவைத்தது. சேதுபதி மன்னர் பாஸ்கரரின் துணை இருந்தது. இன்னொரு கதையும் சொல்வார்கள்: ஸ்காட் என்ற வெள்ளைக்காரர் குறளில் எதுகை சரியில்லை என்று தம் விருப்பத்துக்குத் ‘திருத்தி’ அச்சடித்துவிட, தேவர் அந்தப் பிரதிகளையெல்லாம் ஒட்டுமொத்தமாக விலைக்கு வாங்கி அழித்தாராம். சங்கத்தில் பாண்டியன் புத்தகசாலை திறந்தது. 1902இல் ‘செந்தமிழ்’ இதழ் தொடங்கியது. முதல் ஆசிரியர் சேது சமஸ்தான வித்துவான் ரா. இராகவையங்கார். பெயர் தெரியாத அந்த வாசகரின் புறத்திரட்டிலிருந்து முத்தொள்ளாயிரப் பாட்டுகளைப் பொறுக்கியெடுத்து 1905இல் அச்சுக்குத் தந்தவரும் இவரே. பிறகு அதே வெண்பாக்கள் திருநெல்வேலியில் ரசிகமணி டி. கே. சி.யின் கைக்கு வந்தன. அவர் வீட்டு முற்றத்து வட்டத்தொட்டியில் நண்பர்கள் கூடி, ஒரே பாட்டை நாலைந்து தரம் சொல்லச் சொல்லி ரசித்தார்கள். படித்ததைப் பிறரோடு சேர்ந்து அனுபவிப்பதற்கென்றே கூடிய சபை அது.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும் புத்தகத்துக்குச் சக்கரம் முளைத்தது. சென்னையில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போகலாம். ‘போட் மெயில்’ என்ற பெயரே தபால் சுமந்ததால் வந்தது. சென்னை வார இதழ்கள் இலங்கைக்குப் போன வழிகளில் இதுவும் ஒன்று. அந்தக் கரையில் 1933இல் கே. எம். செல்லப்பா என்பவர் யாழ்ப்பாணத்தில் தம் வீட்டிலிருந்தே புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கினார். அந்தச் சிறு அலமாரி வளர்ந்துதான் யாழ்ப்பாணப் பொது நூலகமாயிற்று. 1981இல் அதை எரித்தபோது சாம்பலானவை சுமார் 97,000 நூல்கள். அந்த எண்ணை எழுதும்போது இன்றும் கை தயங்குகிறது.

இக்கரையில் வார இதழ்களுக்கு இன்னொரு பிறவி கிடைத்தது: பைண்டு புத்தகம். எங்கள் பெரிய அத்தையின் இராமநாதபுரம் வீட்டுப் பரணில் ‘பொன்னியின் செல்வன்’ இருந்தது, கல்கி இதழிலிருந்து வாரவாரம் பிரித்தெடுத்து ஊசியும் நூலும் கொண்டு கோத்தது. 1950 அக்டோபரில் தொடங்கிய தொடர், மூன்றரை வருஷத் தாள்கள். முதுகில் காடாத் துணி, அட்டையில் மைதா பசை, பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம். மணியம் வரைந்த நந்தினிக்குப் பின்பக்கம் சோப்பு விளம்பரமும் வேறொரு சிறுகதையின் பாதியும் இருக்கும். அட்டையின் உள்பக்கம் பென்சிலில் பதினோரு பெயர்கள்: டீச்சரம்மா, போஸ்ட்மாஸ்டர் வீடு, மரைக்காயர் வீட்டுப் பெரியம்மா என்று, வாங்கிப் போன தேதியோடு. திருப்பித் தந்தவர்கள் பெயருக்கு நேரே ஒரு கோடு. கோடு விழாத பெயர் ஒன்றுகூட இல்லை.

ராமேஸ்வரத்தில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஒரு சிறுவன் ரயிலடியில் காத்திருந்தான். இரண்டாம் உலகப் போர் காலம். ராமேஸ்வரத்தில் வண்டி நிற்பதை ரத்து செய்துவிட்டதால், செய்தித்தாள் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து வீசினார்கள். தீவின் பத்திரிகை முகவர் சம்சுதீனுக்காக அந்தக் கட்டுகளைப் பிடித்துக் கொடுத்த பையன் அப்துல் கலாம். அவருடைய ‘அக்னிச் சிறகுக’ளில் இன்னும் இருவர் வருகிறார்கள். படித்த புத்தகங்களையும் புதிய கண்டுபிடிப்புகளையும் பற்றி மாலை நடையில் சொல்லிக்கொண்டே வந்த ஜலாலுதீன். தம் வீட்டுப் புத்தகங்களை இரவல் கொடுத்துப் படிக்கவைத்த பழைய புரட்சிக்காரர் எஸ். டி. ஆர். மாணிக்கம். வளர்ந்த பின் கலாமும் அதையே செய்தார். 1953இல் சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடையில் வாங்கிய லில்லியன் ஐக்லர் வாட்சனின் ஒரு தொகுப்பு நூலைப் பற்றி, போகிற இடமெல்லாம் மாணவர்களிடம் சொன்னார். அதுவும் புறத்திரட்டு மாதிரிதான்: பல பேர் எழுதியதில் ஒருவருக்குப் பிடித்தவை.

1964 டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியை அழித்தது. போட் மெயிலின் பழைய வழி அதோடு முடிந்தது.

புயல் என்றதும் ப. சிங்காரம் நினைவுக்கு வருகிறார். 1920இல், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தின் சிங்கம்புணரியில் பிறந்து, பதினெட்டு வயதில் சுமத்ராவின் மேடானுக்கு வேலைக்குப் போனவர். போருக்குப் பின் திரும்பி மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்துக்கொண்டே இரண்டே நாவல்கள் எழுதினார். ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் வெளிவந்தபோது பெரிதாக யாரும் பேசவில்லை. வாசகர்கள்தான் அதைக் காப்பாற்றினார்கள். ஒருவர் படித்துவிட்டு இன்னொருவரிடம் சொன்னார், அவர் மூன்றாமவருக்கு இரவல் கொடுத்தார். இன்று தமிழின் தலைசிறந்த நாவல்களின் பட்டியல் எதிலும் அது விடுபடுவதில்லை. 1997இல் காலமான சிங்காரம் இந்தப் புகழின் மிகச் சிறு பகுதியைத்தான் பார்த்தார். அதில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு.

2020இல், ஊரடங்குக் காலத்தில், பரமக்குடியில் பிறந்த கமல்ஹாசன் ‘பிக் பாஸ்’ நிகழ்ச்சியில் வாரம் ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டிப் படிக்கச் சொன்னார். ஆல்பெர் காம்யுவின் ‘கொள்ளை நோய்’ அதில் ஒன்று. கடலோரத்துச் சிற்றூர்களிலும் அந்தப் பெயரைச் சொல்லிப் புத்தகம் கேட்டார்கள் என்றால் எனக்கு ஆச்சரியமில்லை. இராமநாதபுரத்தில் நடக்கும் புத்தகத் திருவிழாவில் அரங்குகளுக்கு நடுவே நின்றால் காதில் விழுவதும் இந்தக் கேள்விதான். பள்ளிச் சீருடையில் வந்த இரண்டு பெண்கள் கையிலிருக்கும் காசை எண்ணி, ஆளுக்கொன்று வாங்கி, பிறகு மாற்றிக்கொள்வது என்று பேசி முடித்ததை நானே பார்த்தேன்.

இந்த வாரம் என் பையில் இருப்பது ‘புயலிலே ஒரு தோணி’, மூன்றாவது முறையாக. அடுத்து எதிர்வீட்டு அண்ணன் கேட்டிருக்கிறார். அட்டையின் உள்பக்கம் பென்சிலில் அவர் பெயரை எழுதியாயிற்று. உங்கள் வீட்டுப் பரணில் பழைய பைண்டு புத்தகம் ஏதாவது இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் அட்டையைத் திறந்து அதில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.