கையும் கழுத்தும்: மின்கிதார் நெக்கின் கனமும் வடிவமும் மாறிவந்த விதம்

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை தெரிந்த ஒருவர் கையில் புதிய கோப்பையைக் கொடுத்தால், அதன் வண்ணத்தைப் பார்ப்பதற்கு முன்பே விளிம்பையும் வயிற்றையும் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். ஜாலி இயந்திரத்தில் சுழலும் பிளாஸ்டர் அச்சுக்குள் களிமண் இருக்கும். அச்சின் வளைவும் அதன்மேல் இறங்கும் தகட்டின் வெட்டும் எப்படியோ, அப்படித்தான் கோப்பை அமையும். சுவரின் கனம் இம்மி மாறாமல் வளைவை மட்டும் மாற்றினாலும் கைக்கு அது வேறு பாத்திரம். மின்கிதாரின் நெக்கைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்தச் சிறிய உண்மைதான். கடையில் கேட்டால், ‘சின்னக் கைக்கு மெல்லிசு, பெரிய கைக்குத் தடிமன்’ என்பார்கள். நெக்கின் வரலாறு அப்படி நடக்கவில்லை. மரத்தின் வலு, கம்பியின் இழுவிசை, கட்டைவிரல் நிற்கும் இடம் ஆகிய மூன்றும்தான் அதன் கனத்தையும் வளைவையும் தீர்மானித்து வந்திருக்கின்றன. கமகம் வாசிக்க விரும்பும் தமிழ்நாட்டுக் கைக்கு மூன்றாவதே முதன்மையானது என்பது என் முடிவு.

வீணையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கான மரம் விருத்தாசலம் இருக்கும் இதே கடலூர் மாவட்டத்தில் வளர்வதும் ஒரு காரணம். தஞ்சாவூர் வீணைக்குப் பண்ருட்டிப் பலாமரம் பேர்போனது. குடம், தண்டி, யாளிமுகம் எல்லாவற்றையும் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து பொருத்தினால் ஒட்டு வீணை. தண்டி அடியில் உருண்டு, உள்ளே குடையப்பட்டு, மேலே பலகையால் மூடப்பட்டிருக்கும். அதன் இரு கரைகளிலும் மெழுகுக் கட்டு. அதன்மேல் 24 பித்தளை மெட்டுகள். தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில், கோவிந்த தீட்சிதரின் முயற்சியால் இந்த 24 மெட்டு அமைப்பு நிலைபெற்றது என்பது மரபு.

தண்டி கிதார் நெக்கைவிடப் பல மடங்கு பருமன். ஆயினும் அதன் பருமனைக் குறைசொல்லும் வைணிகரை நான் கண்டதில்லை. காரணம் எளிது. வீணையின் பாரத்தைத் தரையும் தொடையும் சுமக்கின்றன. இடது கை தண்டிக்கு அடியில் சுற்றிவந்து ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் கம்பியின்மேல் வைக்கிறது. பிடித்து நிறுத்தும் வேலை அதற்கு இல்லை. கோட்டுவாத்தியத்தில் அந்தச் சுற்றுதலும் கிடையாது. உருளைக் கட்டையைக் கம்பிமேல் ஓட்டினால் போதும். கழுத்தின் அடிப்பக்கம் எந்த வடிவில் இருந்தாலும் வாசிப்பவர் கைக்குத் தெரியவே தெரியாது.

மின்கிதாரும் இப்படித்தான் பிறந்தது. ஜார்ஜ் பீச்சாமின் எண்ணத்தில் 1931இல் உருவாகி, 1932இல் ரிக்கன்பாக்கரின் பட்டறையிலிருந்து விற்பனைக்கு வந்த ‘ஃப்ரையிங் பேன்’ கிதார் அலுமினியத்தில் வார்க்கப்பட்டது. மடியில் கிடத்தி, எஃகுத் துண்டால் கம்பியைத் தொட்டு வாசிக்கும் ஹவாய் முறைக்கான கருவி அது. ஆகவே முதல் மின்கிதாரைச் செய்தவர்களுக்கு நெக்கின் சுகம் என்றொரு பிரச்சினையே எழவில்லை. கிதார் நிமிர்ந்து, தோள்வாரில் தொங்கி, உள்ளங்கை நெக்கைச் சுற்றிப் பிடித்தபோதுதான் அது பிரச்சினையானது.

அதற்குள் வேறொரு பட்டறையில் மரத்தின் கதை மாறியிருந்தது. எஃகுக் கம்பிகள் நெக்கை ஓயாமல் முன்பக்கமாக இழுக்கின்றன. அந்த இழுப்பைத் தாங்க அக்காலக் கைவினைஞர்களிடம் இருந்த வழி மரத்தைக் கூட்டுவதுதான். பழைய கிதார்களின் நெக் படகின் அடிப்பாகம்போல நடுவில் முதுகெலும்பு தூக்கி, ‘வி’ வடிவில் தடித்து இருந்ததற்கு வாசிப்பவர் சுகம் காரணமில்லை. வளையாமல் நிற்க வேண்டும் என்ற கவலையே காரணம். கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹியூ, நெக்கின் உள்ளே ஓர் எஃகுத் தண்டைப் புதைத்து, அதன் முனையைத் திருகி வளைவைச் சரிசெய்யும் முறையைக் கண்டார். 1921இல் விண்ணப்பித்த காப்புரிமை 1923இல் கிடைத்தது. டிரஸ் ராட் என்று இன்று எல்லோரும் சொல்வது அதைத்தான். வெளியே தெரியாத இந்தக் கம்பிதான் நெக்கை மெலியவிட்டது. தாங்கும் பொறுப்பை எஃகு ஏற்றுக்கொண்ட பிறகு, மரத்தைக் கைக்கு ஏற்றபடி செதுக்க முடிந்தது.

மின்கிதார் செய்த லியோ ஃபெண்டர், எஃகுத் தண்டு தேவை என்பதை உடனே ஒப்புக்கொள்ளவில்லை. கிதார் வாசிக்கத் தெரியாதவர் அவர். ஆனால் வாசிப்பவர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டவர். மேப்பிள் கெட்டியான மரம், தனியே நிற்கும் என்று நம்பி 1950இல் டிரஸ் ராட் இல்லாமல் சில எஸ்கொயர் கிதார்களைச் செய்தார். நெக் வளைந்தது. அதே ஆண்டுக்குள் பிராட்காஸ்டர் கிதாரில் எஃகுத் தண்டு வந்து சேர்ந்தது. 1951இல் அந்தக் கிதாரின் பெயர் டெலிகாஸ்டர் ஆயிற்று. நெக்கின் முதுகில் பள்ளம் தோண்டி, தண்டை வைத்து, கருமையான வால்நட் மரப் பட்டையால் மூடினார்கள். ஃபெண்டர் நெக்கின் பின்புறம் இன்றும் ஓடும் கருங்கோடு அந்தத் தழும்புதான். நெக்கை நான்கு திருகாணிகளால் உடலோடு இணைத்ததும் அவர் செய்த மாற்றம். ஒட்டு வீணையைப் பார்த்துப் பழகிய நமக்கு அது விந்தையாகத் தோன்றாது.

அந்த 1950களின் நெக்குகளை நினைத்தால் எனக்குப் பீங்கான் பட்டறைதான் நினைவுக்கு வருகிறது. இயந்திரம் தோராயமாக வெட்டிக் கொடுத்ததைக் கடைசியில் மனிதக் கைதான் தேய்த்து முடித்தது. டேடியோ கோமஸ் என்ற தொழிலாளி தான் செதுக்கிய நெக்குகளின் அடியில் தன் பெயரின் முதலெழுத்துகளையும் தேதியையும் எழுதிவைத்தார். அந்த எழுத்துள்ள கிதார்களை இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். கை மாறினால் நெக்கும் மாறியது. தொடக்ககால டெலிகாஸ்டர்களில் முதல் ஃப்ரெட்டருகே, அதாவது கிதாரின் முதல் மெட்டருகே, கனம் 25 மி.மீ.யைத் தொடும் நெக்குகள் உண்டு. அவற்றின் தோள்கள், அதாவது முதுகுக்கும் விரல்பலகைக்கும் இடைப்பட்ட பக்கங்கள், புடைத்து ‘யு’ வடிவில் இருக்கும். 1955ஐ ஒட்டி முதுகு கூர்ந்து மென்மையான ‘வி’ வந்தது. கிதார் கலைஞர் எரிக் கிளாப்டனுக்குப் பிடித்துப்போனது அதுவே. 1988இல் அவர் பெயரில் வந்த கிதாரிலும் அதைத்தான் கேட்டு வாங்கினார். 1960களில் நெக் மெலிந்து, ஒரே சீராக உருண்டு ‘சி’ ஆனது. கிப்சனின் லெஸ் பால் வரிசையிலும் இதே போக்குதான்: 1959ஆம் ஆண்டுக் கிதாரில் முதல் ஃப்ரெட்டருகே ஏறத்தாழ 23 மி.மீ., அடுத்த ஆண்டுக் கிதாரில் ஏறத்தாழ 20 மி.மீ.

வாங்குபவரை இன்றும் குழப்பும் ஒரு செய்தியை இங்கே சொல்லிவிட வேண்டும். 1960களின் ஃபெண்டர் நெக்குகளின் அடியில் ஏ, பி, சி, டி என்ற முத்திரைகள் இருக்கும். அவை நட் அருகே, அதாவது தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் வெட்டுப் பட்டையருகே, நெக்கின் அகலத்தைக் குறிப்பவை. பி என்றால் சுமார் 41 மி.மீ., சி என்றால் சுமார் 44 மி.மீ. முதுகின் வளைவைச் சொல்லும் சி, டி எழுத்துகளுக்கும் இவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ‘பழைய சி நெக்’ என்று ஒருவர் சொன்னால், எந்த சி என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மெலிந்த நெக் நிலைத்ததற்குக் கம்பியும் ஒரு காரணம். 1950களில் கிடைத்த கம்பிகள் தடித்தவை. மூன்றாவது கம்பிகூடச் சுற்றுக்கம்பியாக இருந்தது. எர்னி பால் 1962இல் மெல்லிய ஸ்லிங்கி கம்பிகளைக் கொண்டுவந்த பிறகு, கம்பியை இழுத்து ஸ்வரத்தை உயர்த்துவது எல்லோருக்கும் கைவந்தது. இழுவிசை குறைந்ததால் மரத்தின் சுமையும் குறைந்தது. ஆனால் கம்பியை இழுக்கத் தொடங்கியதுமே கட்டைவிரலின் இடம் மாறிவிட்டது. என் வாதத்தின் திருப்பம் இதுதான்.

கம்பியை இழுக்கும்போது விரல் மட்டும் வேலை செய்வதில்லை. கட்டைவிரல் நெக்கின் மேல்விளிம்பில் கொக்கிபோல் மாட்டிக்கொள்கிறது, ஆட்காட்டி விரலின் அடி கீழ்விளிம்பில் ஊன்றுகிறது, முன்கை ஒரு கதவுக் கீல்போலத் திரும்புகிறது. இந்தக் கீலுக்கு உள்ளங்கையை நிரப்பும் உருண்டையான நெக் தேவை. தட்டையான மெல்லிய நெக்கில் உள்ளங்கைக்கும் மரத்துக்கும் நடுவே வெற்றிடம் விழுகிறது. அதை ஈடுகட்டக் கட்டைவிரலின் அடித்தசை ஓயாமல் அழுத்துகிறது. மெல்லிய நெக் வாங்கியும் கை வலிக்கிறது என்பவர்களின் குறை பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. மாறாக, செவ்வியல் கிதார் முறையில் கட்டைவிரல் நெக்கின் முதுகில் நிற்கும். அந்தக் கருவியின் நட் ஏறத்தாழ 52 மி.மீ. அகலம், விரல்பலகை தட்டை. இளையராஜா தேறிய லண்டன் டிரினிட்டி கல்லூரிப் பாடம் இந்த முறையைச் சேர்ந்தது. அவ்வழியில் பயின்றவர் மின்கிதாருக்கு வரும்போது தட்டை முதுகு, அதாவது ‘டி’ வடிவம், சட்டென்று ஒத்துப்போகும். கை சிறியதா பெரியதா என்பதைவிடப் பயிற்சி எங்கே நடந்தது என்பதற்கு இங்கே மதிப்பு அதிகம்.

விரல்பலகையின் வளைவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய ஃபெண்டரின் பலகை 184 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தின் துண்டு. கிப்சனுடையது 305 மி.மீ. ஆரம். அதிகம் வளைந்த பலகையில் கார்டு பிடிப்பது இதம். ஆனால் கம்பி தாழ்வாக இருக்கும்போது முதல் கம்பியை ஒன்றரை ஸ்வர தூரம் இழுத்தால், அது பலகையின் மேட்டில் ஏறி அடுத்த ஃப்ரெட்டில் உராய்ந்து ஒலி செத்துவிடும். கமகத்துக்கு இதைவிடப் பெரிய தடை வேறில்லை.

கம்பியை இழுக்க இன்னொரு வசதி வீணையிலிருந்து போனது. கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்ளின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றார். வீணையில் மெட்டுக்கும் அதன் கீழிருக்கும் பலகைக்கும் நடுவே ஆழமான இடைவெளி உண்டு. விரல் கம்பியை மட்டுமே தொடும், மரத்தைத் தொடாது. ஒரே மெட்டில் நான்கு ஸ்வரம் வரை இழுக்க முடிவது அதனால்தான். எல். சங்கர், ஜாகிர் உசேன், டி.எச். விநாயக்ராம் ஆகியோருடன் மெக்லாஃப்ளின் சக்தி குழுவில் வாசித்த கிதாரை ஏப்ரகாம் வெக்டர் செய்தார். ஃப்ரெட்டுகளுக்கு இடையிலிருந்த மரம் பள்ளம் பள்ளமாகச் சுரண்டப்பட்டிருந்தது. குறுக்கே ஏழு சுருதிக் கம்பிகளும் உண்டு. பின்னர் அவருடைய கிப்சன் இஎஸ்-345 மின்கிதாரின் பலகையும் இப்படியே சுரண்டப்பட்டது. ராக் கிதாரில் இதே பள்ளங்களை ரிச்சி பிளாக்மோரும் இங்வே மால்ம்ஸ்டீனும் புகழ்பெறச் செய்தார்கள் என்பது தனிக்கதை. வீணையின் மெட்டு கிதாரின் நெக்கைத் திருத்தியது என்ற செய்தியை நம் இசை வரலாறுகள் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

கமகத்துக்கான விடை சென்னையில் வேறு வழியில் வந்தது. 1969இல் பாலகொல்லில் பிறந்த யு. சீனிவாஸ், எட்டுக் கம்பி மாண்டலினின் இரட்டைக் கம்பிகளை நீக்கி, ஒற்றைக் கம்பிகள் ஐந்து கொண்ட கெட்டி உடல் மின்மாண்டலினைத் தனக்கென அமைத்துக்கொண்டார். இரட்டைக் கம்பியை இழுத்தால் இரண்டும் ஒரே சுருதியில் நகராது. ஒற்றைக் கம்பி நகரும். அவர் சிறுவனாக மேடை ஏறிய நாட்களில் கருவியின் சிறிய நெக்கும் குறுகிய கம்பி நீளமும் கைக்கு வசதியாக இருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். வளர்ந்த பிறகும் அவர் அதை விடவில்லை. 2014இல் மறையும்வரை அந்தச் சிறிய கழுத்தில்தான் ராகங்களை விரித்தார். மின்கிதாரில் கர்நாடக இசையை வாசித்த சுகுமார் பிரசாத்தும், பின்வந்த ஆர். பிரசன்னாவும் முழுநீள நெக்கிலேயே அதைச் சாதித்தார்கள். ஆக, ஒரே இசைக்கு ஒரே நெக் என்ற விதி ஏதுமில்லை.

1987இல் ஐபனஸ் நிறுவனத்தின் ஆர்ஜி வரிசையோடு வந்த விசார்ட் நெக், மெலிவை ஏறத்தாழ அதன் எல்லைக்குக் கொண்டுபோனது. முதல் ஃப்ரெட்டருகே 17 மி.மீ., முதுகு தட்டை. வேக வாசிப்புக்கு அது பெரும் வரம். பின்னர் அதே நிறுவனம் விசார்ட்-3 நெக்கில் 19 மி.மீ.க்கு ஏறியது. மெலிவு கூடக்கூடச் சுகமும் கூடிக்கொண்டே போகும் என்றால் இந்த ஏற்றத்துக்குத் தேவை இருந்திருக்காது.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தத் தேர்வெல்லாம் நெடுங்காலம் எட்டாத சங்கதி. 1991க்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் வெளிநாட்டுக் கிதார் அரிது. உள்நாட்டில் செய்த மலிவுக் கிதார்கள் பலவற்றில் திருகிச் சரிசெய்யும் எஃகுத் தண்டு இல்லை. 1923க்கு முந்தைய தர்க்கப்படி மரத்தைக் கூட்டித் தடித்த நெக்காகச் செய்தார்கள். கம்பி உயரமாக நிற்கும், விரல்நுனி கன்றிப்போகும். நான் முதலில் கற்றதும் அப்படியொரு கிதாரில்தான். வலிக்குக் காரணம் நெக்கின் தடிமன் என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். குற்றம் கம்பியின் உயரத்தில் இருந்தது. பட்டறையில் ஒருவர் நட்டின் வெட்டுகளை ஆழப்படுத்திக் கொடுத்ததும், அதே தடித்த நெக் கைக்குள் அடங்கிவிட்டது.

ஆகவே அளவெடுப்பவர் வெர்னியர் காலிப்பரை முதல் ஃப்ரெட்டிலும் பன்னிரண்டாம் ஃப்ரெட்டிலும் வைத்துக் கனத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. 21 மி.மீ. கனமுள்ள இரண்டு நெக்குகளில் தோள் சரிந்தது மெல்லியதாகவும், தோள் புடைத்தது தடித்ததாகவும் கைக்குப் படும். வளைவைப் படியெடுக்கும் ஊசிச்சீப்பு அளவி, ஆசாரிகளும் பீங்கான் அச்சு செய்பவர்களும் வைத்திருப்பது, இங்கே காலிப்பரைவிட உதவும். பிடித்த பழைய கிதாரில் அதை அழுத்தி, கிடைத்த கோட்டை அட்டையில் வரைந்து வெட்டி, கடைக்கு எடுத்துப்போய்ப் புதிய நெக்கின் முதுகில் பொருத்திப் பார்க்கலாம். அதன்பின் நின்றபடி, தோள்வாரோடு, இருபது நிமிடமாவது வாசிக்க வேண்டும். கட்டைவிரலின் அடித்தசை இரண்டு நிமிடத்தில் புகார் சொல்வதில்லை.

வாங்கிய பிறகும் நெக் அசையும். சூளையில் வெந்த பீங்கான் அதற்குப்பின் ஈரத்தால் மாறுவதில்லை. மரம் மாறிக்கொண்டே இருக்கிறது. கடலூர் மாவட்டத்தில் சித்திரை வெயிலில் சரிசெய்த நெக், ஐப்பசி மழையில் ஈரம் குடித்து வளைவு மாறி நிற்கும். அப்போது கம்பியைச் சுருதியில் வைத்துக்கொண்டு டிரஸ் ராடை ஒரு கால் சுற்றுக்கு மேல் திருகாமல், ஒரு நாள் விட்டு மறுபடி பார்ப்பதே முறை.