பத்துத் தொட்டிகளும் ஒரு நீராவி எஞ்சினும்

புதியது வந்தால் பழையது ஒழியும் என்பது தொழில்நுட்ப வரலாற்றில் பலரும் கேள்வி கேட்காமல் ஏற்கும் கணக்கு. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில், ஃபாக்ஸ்டன் என்ற சிற்றூரில் அந்தக் கணக்கு பொய்த்தது. அங்கே ஒரு கால்வாய் 75 அடி ஏற வேண்டும். 1810 முதல் 1814 வரை பெஞ்சமின் பெவன் என்ற பொறியாளர் அதற்காகப் பத்து லாக்குகளைக் கட்டினார். லாக் என்பது இரு பக்கமும் கதவுள்ள தொட்டி. நீரை நிரப்பினால் படகு உயரும், வடித்தால் இறங்கும். ஃபாக்ஸ்டனில் இவை ஐந்தைந்தாக ஒட்டிக் கிடக்கின்றன. ஒன்றின் மேல்கதவே அடுத்ததன் கீழ்க்கதவு. நடுவே மட்டும் எதிரெதிர்ப் படகுகள் விலகிக்கொள்ள இடமுண்டு. பக்கத்தில் சிறு குளங்கள். சிவப்பு ஷட்டரைத் தூக்கினால் குளத்து நீர் கீழ்த் தொட்டிக்குப் போகும். வெள்ளையைத் தூக்கினால் மேல்தொட்டி நீர் குளத்துக்கு வரும். சிவப்புதான் முதலில். வரிசை மாறினால் குளம் பொங்கி வழியும்.

இதன் குறை வெளிப்படையானது: ஏறி முடிக்க முக்கால் மணி நேரமாவது ஆகும், முன்னால் படகுகள் நின்றால் அதற்கும் மேல். அகலம் வேறு ஏழடிதான். கிராண்ட் ஜங்ஷன் கால்வாய் நிறுவனம் இந்தக் கால்வாயை வாங்கியதும், அதன் பொறியாளர் கார்டன் தாமஸ் ஒரு சாய்தளத்தை வடிவமைத்தார். கிணற்று ராட்டினக் கயிற்றின் இரு முனையிலும் வாளி கட்டியதுபோல, நீர் நிரம்பிய இரண்டு இரும்புத் தொட்டிகள். ஒன்று இறங்க மற்றது ஏறும். கூடுதல் இழுவைக்கு நீராவி எஞ்சின். 1900 ஜூலையில் திறந்தபோது பன்னிரண்டே நிமிடத்தில் படகுகள் மேலே போயின, தண்ணீரும் அநேகமாக வீணாகவில்லை. ஆனால் 1911-ல் அது நின்றது. காரணம் வேகத்தில் இல்லை, செலவின் தன்மையில் இருந்தது என்பது என் வாதம். படகு வந்தாலும் வராவிட்டாலும் கொதிகலனுக்குக் கரி போட வேண்டும், ஆட்களுக்குச் சம்பளம் தர வேண்டும். லாக்குக்கோ படகு வந்தால்தான் செலவு. ஷட்டரைத் தூக்கப் படகுக்காரரின் கையே போதும். சாய்தளம் இரவில் இயங்காததால், இராப் படகுகளுக்காகப் பழைய லாக்குகளைப் பழுதுபார்த்து நிறுவனமே மறுபடி திறந்தது. இதைவிடச் சான்று வேண்டுமா?

இயந்திரமே கோளாறு என்று சொல்வோர் உண்டு. பழுதுகள் இருந்தன, ஆனாலும் சுமார் பத்தாண்டு அது படகுகளை ஏற்றி இறக்கியது. வலுவான மறுப்பு வேறு. இதே கால்வாயின் மேல்மட்டத்து மறுமுனையில் உள்ள வாட்ஃபோர்டு லாக்குகளை அகலப்படுத்தியிருந்தால் பெரிய படகுகள் வந்திருக்கும், சாய்தளமும் பிழைத்திருக்கும் என்பது அது. (லண்டன் பக்கத்து வாட்ஃபோர்டு அல்ல, நார்த்தாம்ப்டன்ஷயரில் உள்ளது.) இதை முற்றாகத் தள்ள முடியாது. ஆனால் அந்த லாக்குகளைப் புதுப்பித்தபோதும் நிறுவனம் பழைய அகலத்திலேயே விட்டுவிட்டது. சரக்கு ஏற்கெனவே ரயிலுக்குப் போய்விட்டது. அது திரும்பி வரும் என்று பணம் போட்டவர்களே நம்பவில்லை. போக்குவரத்து மெலிந்த காலத்தில் நிலையான செலவு கேட்கும் இயந்திரம்தான் முதலில் விழும்.

1928-ல் எஞ்சினும் தொட்டிகளும் 250 பவுண்டுக்குப் பழைய இரும்பாக விலைபோயின. சாய்தளம் இருந்த இடம் இன்று வெறும் சரிவு. பக்கத்திலேயே உல்லாசப் படகுகள் வரிசையில் நிற்கின்றன, முதலில் சிவப்பு ஷட்டரைத் தூக்கிக்கொண்டு.