சுவரேறத் தெரியாத பல்லி

எங்கள் வீட்டுப் பல்லிக்குச் சுவரேறத் தெரியாது. கண் சிமிட்டும். இந்த இரண்டையும் சொன்னதும் காஞ்சிபுரத்தில் அம்மா போனைக் காதில் வைத்தபடி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அப்ப அது பல்லியே இல்லடா. காசு வேற குடுத்தியா?" என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. வரதராஜர் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டால் பல்லி விழுந்த தோஷம் போகும் என்று வெளியூர்க்காரர்கள் வரிசை கட்டி நிற்கிற ஊர் எங்களுடையது. எந்த இடத்தில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் பட்டியலே உண்டு. மேலே விழுந்தால் தலைமுழுகுகிற ஜனம் நாங்கள். அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துச் சோறு போடும் நிலைக்கு வந்தது, டொரன்டோவில் என் பதினொரு வயது மகள் பிடித்த பிடிவாதத்தால்.

முதல்முதலாக வளர்க்க எந்தப் பல்லி நல்லது என்று இங்கே யாரைக் கேட்டாலும் இரண்டு பெயர்கள்தான் வரும்: லெப்பர்ட் கெக்கோ, கிரெஸ்டட் கெக்கோ. உலகில் 1,500-க்கும் மேற்பட்ட பல்லி இனங்கள் இருக்க, இந்த இரண்டும் எப்படி முன்னால் வந்து நின்றன என்று தேடப் போனேன். கடைக்குப் போவதற்கு முன் செய்த உருப்படியான காரியம் அதுதான்.

லெப்பர்ட் நம் பக்கத்து வீட்டுக்காரன். கல்கத்தாவில் ஆசியக் கழக அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எட்வர்ட் பிளைத், பஞ்சாபின் உப்பு மலைத்தொடரிலிருந்து வந்த பல்லியைப் பார்த்து 1854-இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். உடம்பெல்லாம் புள்ளி என்பதால் 'மாக்குலேரியஸ்'. கல்லும் முள்ளுமான வறண்ட நிலத்தில் பகலெல்லாம் பாறை இடுக்கில் கிடந்து இரவில் வெளியே வரும் பிராணி. தரையிலேயே பிழைப்பு என்பதால் விரலில் ஒட்டும் பட்டை கிடையாது, நகம்தான். நம் ஊர்ச் சுவர்ப் பல்லி நாக்கால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். இதற்கு இமை இருப்பதால் அந்த வேலை இல்லை. வாலில் கொழுப்பைச் சேர்த்துவைத்துக்கொண்டு பஞ்ச காலத்தைத் தள்ளும்.

அந்த வால்தான் அதை உலகம் சுற்ற வைத்தது என்பேன். பாகிஸ்தானில் பிடித்து, பெட்டியில் அடைத்து, விமானத்தில் ஏற்றி, அமெரிக்கக் கடையில் வைக்கும்வரை பட்டினி தாங்கிய பிராணி அது. 1970-களில் அங்கே சிலர் அதை வீட்டிலேயே இனப்பெருக்கம் செய்யத் தொடங்கினார்கள். அதன் பிறகு கதை மாறியது. ஒரு தடவைக்கு இரண்டு முட்டை. பிளாஸ்டிக் டப்பாவில் ஈர மண்ணோ வெர்மிகுலைட்டோ போட்டு அதன்மேல் வைத்தால் போதும். குட்டி ஆணா பெண்ணா என்பதை முட்டை இருக்கும் சூடே தீர்மானிக்கும். 26 டிகிரியில் பெரும்பாலும் பெண். 32, 33-இல் பெரும்பாலும் ஆண். அதற்கும் மேலே போனால் மறுபடி பெண். பல ஆண்கள் ஒரே பெட்டியில் இருந்தால் சண்டை. ஒரு ஆணுக்குப் பல பெண்கள் போதும். ஆகவே தெர்மோஸ்டாட்டைத் திருகி வேண்டியதைப் பொரிக்க வைத்தார்கள். காட்டில் பிடிக்க வேண்டிய தேவையே குறைந்துபோனது.

பொரிப்பது சுலபமானதும் நிறப் பைத்தியம் பிடித்தது. 1996-இல் ரான் ட்ரெம்பரின் அல்பினோ வந்தது. பிறகு வருஷத்துக்கொரு நிறம், நிறத்துக்கொரு பெயர். இதில் எனக்கு மரியாதை இல்லை. 'லெமன் ஃப்ராஸ்ட்' என்ற வெளிர் மஞ்சள் வகையை ஆகா ஓகோ என்று கொண்டாடினார்கள். அந்த நிறத்துக்குக் காரணமான மரபணுப் பகுதியே தோலில் கட்டி வரவும் காரணம் என்று 2021-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். 'எனிக்மா' என்ற வகை தலையைச் சாய்த்துக்கொண்டு வட்டம் வட்டமாகச் சுற்றும். அழகுக்காகப் பல்லியை நோயாளி ஆக்குவானேன்? புள்ளி போட்ட சாதா நிறமே வேண்டும் என்றேன். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

கிரெஸ்டட்டின் கதை வேறு தினுசு. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பிரான்ஸின் வசமுள்ள நியூ கலிடோனியாத் தீவுகள் அதன் ஊர். 1866-இல் பாரிஸைச் சேர்ந்த கிஷெனோ அதை விவரித்து எழுதினார். அப்புறம் ஆளைக் காணோம்; அழிந்தே போனது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1994-இல் ராபர்ட் ஸைப் தலைமையில் போன குழு, ஒரு புயலுக்குப் பிறகு அதை உயிரோடு கண்டது. அப்போது வெளியே வந்த சிலவற்றின் வாரிசுகள்தான் இன்று ஊர் ஊராகக் கடைகளில் உட்கார்ந்திருக்கின்றன. கண்ணுக்கு மேலே மயிர்போல முள்வரிசை இருப்பதால் 'சிலியேட்டஸ்', அதாவது இமைமயிர்க்காரன் என்று பெயர். வேடிக்கை, அதற்கு இமையே கிடையாது.

பழக்கூழ் நக்கும் பல்லி அது. தண்ணீரில் கரைத்து வைக்கும் பொடி உணவு கடையில் வந்ததும், பூச்சியைத் தொட அஞ்சுகிறவர்கள் எல்லோரும் இந்தப் பக்கம் சாய்ந்தார்கள். சைவ வீடு எங்களுடையது, நானும் சாய்ந்தேன். வீட்டுச் சூடே போதும், தனி விளக்கு வேண்டாம். ஆனால் 28 டிகிரி தாண்டினால் தவித்துப்போகும். சென்னையில் வளர்ப்பதானால் முதலில் அதற்கு ஏ.சி. போட வேண்டும்.

என் மனத்தை மாற்றியது அதன் வால். பயந்தால் உதிர்த்துவிடும், மறுபடி முளைக்காது. கையிலிருந்து தாவுவதும் அதன் குணம். பதினொரு வயதுக் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். லெப்பர்ட்டுக்கு வால் போனாலும் குண்டாக, கொஞ்சம் கோணலாக வேறொன்று வளரும்.

ஒரு கடையில் மூன்றாவதாக ஒன்றையும் காட்டினார்கள்: டோக்கே. சாம்பலும் நீலமுமான உடம்பில் ஆரஞ்சுப் புள்ளி, பார்க்க ராஜா மாதிரி. மலிவு வேறு. கடித்தால் விடாது என்பதைச் சொல்லவில்லை. எங்கே பிறந்தது என்று கேட்டேன். "இந்தோனேசியாவிலிருந்து பெட்டியில் வந்தது" என்றார்கள். எய்ட்ஸுக்கு மருந்து என்று ஒரு வதந்தி கிளம்பி தென்கிழக்கு ஆசியாவில் அதை வேட்டையாடித் தீர்த்தார்கள். 2019-இல்தான் அதன் சர்வதேச வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. அதை அப்படியே வைத்துவிட்டு வந்தோம்.

லெப்பர்ட்டே வந்தது. கால்சியம் பொடி போட்ட பையில் சுவர்க்கோழிப் பூச்சிகளைக் குலுக்கி, மாவில் புரட்டியதுபோல வெள்ளையாக எடுத்துப் பெட்டிக்குள் விடுவது மகளின் வேலை. பல்லி தலையைச் சாய்த்துப் பார்க்கும். வால் நுனி மட்டும் பூனைபோல் நெளியும். அப்புறம் ஒரே பாய்ச்சல். சைவ வீட்டில் இதைப் பார்க்க நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம். தப்பித்த பூச்சி ஒன்று குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் ராத்திரியெல்லாம் கத்தியதையும் சொல்லிவிட வேண்டும்.

சென்னையிலிருந்து அக்கா மகன், "மாமா, இங்கயும் ஒண்ணு கிடைக்குதாம், வாங்கட்டுமா?" என்று கேட்டான். பாங்காக்கிலிருந்து பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்த பிராணிகளை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பிடித்த செய்திகளை அவனும் படித்திருப்பான். ஒன்றே ஒன்றுதான் சொன்னேன், உங்களுக்கும் அதுதான். இந்தப் பல்லி 15, 20 வருஷம் இருக்கும். விற்கிறவரிடம் விலையை அப்புறம் கேளுங்கள். முட்டை எந்த வீட்டில் பொரிந்தது என்று முதலில் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.